மலைக்கு எந்த டாக்டர் வருவார்?

நேயர்களுக்கு வணக்கம்.

2020 ஆகஸ்ட் 31-ஆம் தேதி டெல்லியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அரசு டாக்டர்களின் மேற்படிப்பு இடங்கள் பற்றி ஒரு தீர்ப்பு சொன்னார்கள். ஊரடங்குக் காலம். ஏற்காட்டு மலையில் காபித் தோட்டத்து வேலைக்குப் போகிற ஒருவருக்காவது அந்தச் செய்தி எட்டியிருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் அவர் காய்ச்சலென்று போகும்போது நாற்காலியில் டாக்டர் இருப்பாரா மாட்டாரா என்பதில் அந்தத் தீர்ப்புக்குப் பங்கு உண்டு. சேலம் மாவட்டத்தில் சமுதாய சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து இதைச் சொல்கிறேன்.

எம்.பி.பி.எஸ். முடித்த பிள்ளை மேற்படிப்பு படிக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. தமிழ்நாட்டில் வெகு காலமாக ஒரு ஏற்பாடு இருந்தது. அரசு வேலையில் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு வருஷம் பணி செய்தவர்களுக்கு, மாநிலத்தின் பங்கில் உள்ள மேற்படிப்பு இடங்களில் பாதி. அந்த இடத்துக்காகத்தான் எத்தனையோ இளம் டாக்டர்கள் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தார்கள். சேவை மனசோடு வந்தவர்களும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலானவர்கள் சீட்டுக்காக வந்தார்கள். அதில் குறை காண எனக்கு மனசில்லை. எதற்காக வந்தாலும், வந்த இடத்தில் நன்றாகத்தான் வைத்தியம் பார்த்தார்கள்.

2017-இல் அது நின்றது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதிப்படி தனி இடஒதுக்கீடு கிடையாது, எட்டாத, கடினமான பகுதிகளில் வேலை செய்தவர்களுக்கு நீட் மதிப்பெண்ணில் வருஷத்துக்கு 10 சதவீதம், அதிகபட்சம் 30 சதவீதம் கூடுதல் தரலாம் என்று ஆனது. உடனே அடுத்த சண்டை கிளம்பியது: எது கடினமான பகுதி? பட்டியல் போட்டார்கள், பட்டியல் மேல் வழக்குப் போட்டார்கள். சென்னையில் ஏ.சி. அறையில் ஒரு ஊரின் பெயர் பட்டியலில் ஏறுவதையும் இறங்குவதையும் பொறுத்து, அந்த ஊருக்கு டாக்டர் விரும்பி வருவதும் வராததும் அமைந்தது. 2020 தீர்ப்புதான் இதை மாற்றியது. பணியில் உள்ள டாக்டர்களுக்குத் தனி ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு உரிமை உண்டு, கவுன்சில் அதைத் தடுக்க முடியாது என்றார்கள். அப்படிப் படித்தவர்கள் படிப்பு முடிந்தபின் கிராமம், பழங்குடிப் பகுதி, மலைப்பகுதிகளில் சில வருஷமாவது வேலை செய்யும்படி ஒப்பந்தம் எழுதி வாங்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. பேப்பரில் பெரிதாக வந்தது முதல் பாதி. நமக்கு வேண்டியது இரண்டாம் பாதி.

ஏன் என்று சொல்கிறேன். டாக்டர் மேற்படிப்புக்குப் போனால் மூன்று வருஷம். அந்த இடத்துக்கு இன்னொரு நிலையத்திலிருந்து ஒருவரை மாற்றுப் பணியில் அனுப்புவார்கள். அவர் வாரத்தில் சில நாள் வருவார். நோயாளி ஒவ்வொரு முகத்திடமும் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். “போன மாசம் இருந்த டாக்டரு பாதி மாத்திரை போதும்னாருங்க நர்சம்மா, இவரு முழுசா முழுங்கச் சொல்றாரு, நான் யாரு பேச்சக் கேக்கறது?” என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். படிப்பு முடித்தவர் நிபுணர் ஆகிவிடுகிறார். அவருக்கு மெடிக்கல் காலேஜிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ வேலை. மலைக்குத் திரும்ப அவருக்கு ஒரு காரணமும் இல்லை. அந்த ஒப்பந்தத்தைக் கறாராக வைத்தால்தான் ஒரு குழந்தை மருத்துவரோ மகப்பேறு மருத்துவரோ ஏற்காடு அரசு மருத்துவமனை வரைக்குமாவது வருவார்.

இரவில் டாக்டர் இல்லாதபோது நிலையத்தைத் தாங்குவது நர்ஸ். 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபிறகு, ஒரு நிலையத்துக்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ், இருபத்து நாலு மணி நேரமும் பிரசவம் என்ற முறை நம் மாநிலத்தில் பரவியது. மலையில் வீட்டுப் பிரசவம் குறைந்ததற்கு இந்த மூன்று பேருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும்தான் முதல் நன்றி. ஆனால் 2015-இல் தேர்வு எழுதி வேலைக்கு வந்த நர்சுகளுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னையில் அவர்கள் உட்கார்ந்து போராடினார்கள். “நோயாளிகள் என்ன ஆவது” என்று அப்போது பலர் கேட்டார்கள். அந்தச் சம்பளத்தில் ஒரு பெண் மலையில் வாடகைக்கு வீடு பிடித்து, இரவு டூட்டி பார்த்து, பிள்ளையைக் கீழே அம்மாவிடம் விட்டிருந்தாள் என்றால் அதைக் கேட்டவர் யார்? சேலத்திலேயே ஒரு இடம் கிடைத்தால் அவள் போய்விடுவாள். போனார்கள்.

இன்னொரு விவாதம் காப்பீடு. 2009-இல் தொடங்கி, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு ஆகி, பிறகு மத்திய அரசின் திட்டத்தோடு சேர்ந்து, இப்போது குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. நல்ல திட்டம். இருதய ஆபரேஷன் செய்துகொண்டு உயிரோடு இருப்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த அட்டை படுக்கையில் சேர்ந்தால்தான் பேசும். தினமும் போட வேண்டிய பிரஷர் மாத்திரைக்கு அது வாய் திறக்காது. மலையிலிருந்து கீழே இறங்குகிற பஸ் கட்டணம், துணைக்கு வருகிறவரின் கூலி, சாப்பாடு எதுவும் அதில் அடங்காது. மழைக்காலத்தில் ரோட்டில் மண் சரிந்தால் அட்டை பையிலேயே இருக்கும்.

மாத்திரை விஷயத்தில் தமிழ்நாடு பெருமைப்படலாம். 1995-லிருந்து மாநில அரசின் மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, சோதித்து, மாவட்டக் கிடங்கு வழியாக அனுப்புகிறது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபின் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டு வருவது அதே ஊர் சுய உதவிக் குழுப் பெண். மலையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சமவெளியில் இருப்பவர்களுக்குப் புரிவது கஷ்டம். சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று என்பது இந்திய அளவு விதி. தலையை எண்ணிப் போட்ட விதி. தலைக்கும் நிலையத்துக்கும் நடுவில் எத்தனை மேடு, எத்தனை பள்ளம் என்று எண்ணியிருந்தால் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும்.

வெளிநாட்டிலும் இதே பாடுதான். அமெரிக்காவில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்க 1965-இல் தொடங்கியவை சமுதாய சுகாதார மையங்கள். மிசிசிப்பி மாநிலத்தில் அப்படி ஒன்றை நடத்திய டாக்டர் ஜாக் கைகர், பட்டினியாக வந்த குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டிலேயே உணவு எழுதிக் கொடுத்தவர். அந்த மையங்களின் நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் நோயாளிகளே இருக்க வேண்டும் என்பது சட்டம். அப்படியிருந்தும் 2017 செப்டம்பரோடு அவற்றுக்கான நிதிச் சட்டம் காலாவதியாகி, 2018 பிப்ரவரி வரை புதுப்பிக்கப்படவில்லை. அரசியல்வாதிகள் வாதாடிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் மையங்கள் புதிதாக ஆள் எடுக்கத் தயங்கின. நம் ஊரில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பணம் போடும் சுகாதார இயக்கத்தில் ஒரு தவணை தாமதமானால் முதலில் காத்திருப்பது ஒப்பந்த ஊழியர்களின் சம்பளம்தான்.

பாதிக்கு மேல் நோயாளிகள் என்ற அந்தச் சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. நம்மிடம் நிலையத்தின் தேவைகளைப் பார்க்க நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. கூட்டம் எப்போது நடக்கிறது என்று நோயாளிகளுக்குத்தான் தெரியாது. கிராம சபை அப்படியில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நிச்சயம் கூடும், வாக்காளர் யாரும் பேசலாம். அடுத்த தடவை நாகலூரிலோ வெள்ளக்கடையிலோ உங்கள் ஊரிலோ கூடும்போது இவற்றைக் கேளுங்கள்: நம் நிலையத்தில் டாக்டர் பணியிடம் எத்தனை, அதில் காலி எத்தனை? மாற்றுப் பணியில் வருகிறவருக்கு எந்தெந்தக் கிழமை? இரவு நர்ஸ் தங்க அறை இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள்.

நன்றி, வணக்கம்.