ஊர் இசையாமல் ராலி ஓடாது

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, தம் வருகையால் இம்மாலைப் பொழுதைச் சிறப்பித்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அவர்களே, தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, கார்கள் மீது தீராத ஆசை கொண்ட இளைஞர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். வேலை நாளின் களைப்பையும் பாராமல் சிட்னியின் மறுகோடியிலிருந்து வந்திருக்கிறீர்கள். உடல்நலம் குன்றியிருந்தும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் மூத்த செயலாளர் ஐயா அவர்களுக்குத் தனியே நன்றி சொல்ல நான் கடமைப்பட்டவன்.

பொதுச் சாலைகளிலும் காட்டுப் பாதைகளிலும் ஓடும் கார்ப் பந்தயமான ஆஸ்திரேலிய ராலியைப் பற்றி மூன்று செய்திகள் பேச வந்திருக்கிறேன்: அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது, அது ஏன் ஊர் ஊராக இடம்பெயர்ந்தது, பல நாடுகளில் நடக்கும் உலக ராலித் தொடரின் ஆண்டு நாட்காட்டியில் அதன் இடம் என்னவாயிற்று என்பவை அவை. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று என் பாட்டனார் ஓயாமல் சொல்வார். இந்த ராலியின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பழமொழிதான் என் நினைவுக்கு வருகிறது.

1988இல் பெர்த் நகரில் தொடங்கிய இந்தப் பந்தயம் மறு ஆண்டே உலக ராலி சாம்பியன்ஷிப்பில் இடம்பெற்றது. மேற்கு ஆஸ்திரேலியக் காட்டுப் பாதைகளில் சிறு உருண்டைக் கற்கள் கோலிக்குண்டுகளைக் கொட்டியதுபோல் பரவிக் கிடக்கும். உலகின் தேர்ந்த ஓட்டுநர்களே அங்கே தடுமாறினார்கள். அத்தனை புகழ் இருந்தும், மாநில அரசு தன் ஆதரவை விலக்கிக்கொண்டதால், 2006ஆம் ஆண்டுப் பந்தயமே பெர்த்தின் கடைசிப் பந்தயமாயிற்று.

ஏன் இப்படி ஆகிறது? வட்டப்பாதைப் பந்தயத்திற்கு மதில் உண்டு, வாயில் உண்டு, நுழைவுச் சீட்டு விற்கலாம். ராலியோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் காட்டிலும் கிராமத்திலும் ஓடுகிறது. சாலை உள்ளூராட்சிக்குச் சொந்தம், காடு மாநிலத்திற்குச் சொந்தம். மருத்துவ வண்டிகளும் ஹெலிகாப்டரும் காவலர்களும் வேண்டும். ஐரோப்பாவில் இருக்கும் அணிகளின் கார்களும் கருவிகளும் கடல் கடந்து வந்து சேர வேண்டும். விடுதி அறைகள் நிறையும், தொலைக்காட்சியில் நம் மாநிலம் தெரியும் என்று நம்பி ஓர் அரசு பணம் தந்தால்தான் இவையெல்லாம் நடக்கும். அந்த அரசின் மனம் மாறிய நாளில் ராலிக்கு வீடில்லை.

வீடிழந்த ராலி 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால், நம் நியூ சவுத் வேல்ஸின் வடகோடிக்கு வந்தது. 2009 செப்டம்பரில் கிங்ஸ்கிளிஃப் ஊரைத் தளமாகக் கொண்டு, டுவீட், கியோகிள் பகுதிகளின் மலைச்சாலைகளில் அது நடந்தது. அதற்கென்றே மாநிலம் ஒரு தனிச் சட்டம் இயற்றி, வழக்கமான திட்ட அனுமதி விதிகளையும் சுற்றுச்சூழல் விதிகளையும் ஒதுக்கி வைத்தது. மழைக்காடும் கோலாவும் வாழும் பகுதி அது. பஞ்சலாங் தொல்குடியினரின் நிலம் அது. தங்களைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டார்கள் என்று ஊரார் பலர் கொதித்தார்கள். எதிர்ப்பு முற்றி, பாதையில் கற்கள் வந்து விழுந்தன. பாதுகாப்புக் கருதிப் பந்தயப் பாதையின் சில கட்டங்கள் ரத்தாயின. கல் எறிந்ததை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன், அது உயிர் போகும் செயல். ஆயினும் ஊராரின் இசைவு என்னும் சுவரை எழுப்பாமலே சித்திரம் எழுதப் புறப்பட்டவர்களையும் நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

2011இல் ராலி தெற்கே காஃப்ஸ் ஹார்பருக்குப் பெயர்ந்தது. அங்கே வூல்கூல்கா என்னும் ஊரில் சீக்கியக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழைத் தோட்டம் வைத்திருக்கின்றன. இப்போது புளூபெர்ரியும் பயிரிடுகின்றன. அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் என்னை வற்புறுத்தி உட்காரவைத்து, இஞ்சி தட்டிப் போட்ட தேநீரும் பருப்பும் ரொட்டியும் தந்து, மகன் படிப்பையும் மழையையும் பழத்தின் விலையையும் பேசி முடித்த பிறகு, ராலியைப் பற்றிச் சொன்னார். பந்தயத்திற்குப் பல வாரங்களுக்கு முன்பே ஒரு தன்னார்வலர் வரைபடத்தோடு அவர் வீட்டுக்கு வந்தாராம். "சர்தார்ஜி, உங்கள் பழ லாரி எத்தனை மணிக்குப் புறப்படும்?" என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. அறுவடைக் காலம், விடியுமுன் லாரி போகாவிட்டால் பழம் கெட்டுவிடும் என்று பெரியவர் சொல்ல, வந்தவர் அதை எழுதிக்கொண்டு போனார். மறு வாரம் திரும்பி வந்து, லாரி போன பிறகே சாலை மூடப்படும் என்று உறுதி தந்தார். பந்தய நாளில் அந்தப் பெரியவரே தலைப்பாகைக்குப் பொருத்தமான ஆரஞ்சு மேலங்கி அணிந்து, வேலியோரம் நின்று பார்வையாளர்களை ஒழுங்குபடுத்தினாராம். அவர் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

அதே மாநிலம், அதே விளையாட்டு. ஓரிடத்தில் கல், ஓரிடத்தில் தேநீர். காஃப்ஸ் ஹார்பரில் 2018 வரை ராலி நிலைத்தது. 2019 நவம்பரில் காட்டுத்தீ சூழ்ந்ததால், தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது ரத்து செய்தார்கள், அது சரியான முடிவு. 2020ஆம் ஆண்டு நாட்காட்டியிலோ ஆஸ்திரேலியாவுக்கு அதற்கு முன்பே இடமில்லாமல் போயிருந்தது. நாட்காட்டியைப் பற்றி விரிவாகப் பேச நேரம் இடம்கொடுக்கவில்லை. தலைவர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்.

ஆகவே என் கோரிக்கைக்கு வருகிறேன். நாளை எந்த மாநிலம் ராலியை மீண்டும் அழைத்தாலும், நிதி ஒப்பந்தத்தில் அமைச்சர் கையெழுத்திடும் முன் பாதையோரத்து ஊர்களில் பொதுக்கூட்டம் நடத்தித் தொல்குடி மூத்தோரின் இசைவையும் ஊராரின் இசைவையும் பெற வேண்டும். பந்தயத்தால் பழுதாகும் சாலைகளைச் சீராக்கும் பணத்தை முன்கூட்டியே உள்ளூராட்சியிடம் செலுத்த வேண்டும். அரசின் உதவி ஓராண்டுக்கு மட்டும் என்றில்லாமல் சில ஆண்டுகளுக்கேனும் உறுதி செய்யப்பட வேண்டும். சுவர் இப்படி எழுந்தால், சித்திரத்தை எழுத நம் இளைஞர்கள் காத்திருக்கிறார்கள்.

இவற்றைச் சட்டமன்றத்தின் முன் வைக்கும் மனு, வாயிலருகே உள்ள மேசையில் இருக்கிறது. தேநீர் அருந்தப் போகும்போது ஒவ்வொருவரும் அதில் கையொப்பமிடுமாறு வேண்டுகிறேன். நகரமன்ற உறுப்பினர் அவர்கள் முதல் கையொப்பத்தை இட இசைந்திருக்கிறார்கள். நன்றி, வணக்கம்.