கிளஸ்டர்தான் முதலில் கூப்பிடுகிறது

(தண்டையார்பேட்டையில் பொறியியல் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

தம்பி, தங்கைகளுக்கு வணக்கம்.

மணலியில் ஒரு தொழிற்சாலை. அதன் சொந்த மெஷின்களில் ஒரு குபர்நெட்டீஸ் கிளஸ்டர் (பல மெஷின்களை ஒன்றாகச் சேர்த்து நிரல்களை ஓட்டும் தொகுப்பு) ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணூரில் ஒரு சரக்குக் கிடங்கில் இன்னொன்று. மும்பையில் வாடகை கிளவுடில் மூன்றாவது. மூன்றையும் ராயபுரத்தில் உட்கார்ந்தபடி ஒரே திரையில் கவனிக்க வேண்டும். ராஞ்சர் மாதிரியான மேலாண்மை சர்வர் இருப்பது இதற்குத்தான்.

உடனே வரும் கேள்வி: "மணலி ஃபயர்வாலில் வெளியிலிருந்து வர வழி திறந்துவிடணுமா?" வேண்டாம். கிளஸ்டரை ராஞ்சரில் சேர்க்கும்போது அது தரும் ஒரு வரிக் கட்டளையை அங்கே ஓட்டுகிறோம். கேட்டில்-சிஸ்டம் என்ற நேம்ஸ்பேஸில், அதாவது கிளஸ்டருக்குள் ஒரு தனிப் பிரிவில், கேட்டில்-கிளஸ்டர்-ஏஜென்ட் என்ற பாட் (நிரல் ஓடும் சின்ன அலகு) எழுந்துகொள்கிறது. அது உள்ளிருந்து வெளியே, 443 போர்ட்டில் காத்திருக்கும் ராஞ்சர் சர்வரைத் தேடிப்போய், இரு பக்கமும் பேசக்கூடிய ஒரு வெப்சாக்கெட் இணைப்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அறுந்தால் தானே மறுபடி போட்டுக்கொள்ளும். சர்வர் கிளஸ்டரின் ஏபிஐயிடம் கேட்பதெல்லாம் சுரங்கம் மாதிரியான இந்த இணைப்பு வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. எனக்கு இந்த வடிவமைப்பின் மேல் பெரிய மரியாதை உண்டு.

இப்போது நீங்கள் பாட்களைப் பட்டியலிட 'கியூப்சிடிஎல் கெட் பாட்ஸ்' என்று கட்டளை அடிக்கிறீர்கள். அது முதலில் ராஞ்சரிடம் போகிறது. நீங்கள் யார் என்று ராஞ்சர் உங்கள் டோக்கனை, அதாவது அடையாளச் சீட்டைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, "இன்னார் சார்பில் கேட்கிறேன்" என்று ஹெடரில் எழுதி, தன் சர்வீஸ் அக்கவுண்ட் (நிரல்களுக்கான கணக்கு) மூலம் கிளஸ்டருக்கு அனுப்புகிறது. அனுமதி உண்டா என்று முடிவெடுப்பது கோரிக்கைகளை வாங்கும் கிளஸ்டரின் ஏபிஐ சர்வர், உங்கள் பெயரில் உள்ள ஆர்பேக் விதிகளை (யாருக்கு என்ன அனுமதி என்ற விதிகளை) வைத்து. அந்த விதிகளை அங்கே எழுதிவைப்பதும் ராஞ்சரின் வேலையே. பார்க்க மட்டும் உரிமை உள்ளவர் டெலீட் அடித்தால் 'ஃபர்பிடன்' என்றுதான் பதில் வரும்.

ராஞ்சர் சர்வர் விழுந்துவிட்டால்? உங்கள் பாட்கள் ஓடிக்கொண்டே இருக்கும். எந்தப் பாட் எந்த மெஷினில் ஓடணும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரும், கிளஸ்டரின் நிலையைச் சேமித்துவைக்கும் இடிசிடியும் அந்தந்தக் கிளஸ்டரிலேயே இருக்கின்றன. ராஞ்சரே உருவாக்கிய கிளஸ்டராக இருந்து, ராஞ்சரைத் தொடாமல் கிளஸ்டரை அடையும் நேரடி எண்ட்பாயிண்ட்டை முன்கூட்டியே இயக்கிவைத்திருந்தால், கியூப்கான்ஃபிக் என்ற இணைப்பு விவரக் கோப்பில் காண்டெக்ஸ்ட்டை (எந்த இணைப்பு என்ற தேர்வை) மாற்றி நேராகப் போய்விடலாம்.

ஆனால் ஒன்று. அந்த ஏஜென்ட்டுக்குக் கிளஸ்டரில் ஏறக்குறைய எல்லா அதிகாரமும் உண்டு. ராஞ்சரின் அட்மின் பாஸ்வேர்ட் வேறொருவர் கையில் சிக்கினால் மணலி, எண்ணூர், மும்பை மூன்றும் ஒரே நாளில் கைவிட்டுப் போய்விடும். இந்த சர்வரை ஏதோ ஒரு டேஷ்போர்டு என்று நினைத்து ஒற்றை மெஷினில் போடாதீர்கள்; மூன்று நோடுகளில் (மெஷின்களில்) வையுங்கள், பேக்கப் எடுங்கள்.

திரையில் ஒரு கிளஸ்டர் சிவப்பாகத் தெரிந்தால் கிளஸ்டரே செத்துவிட்டது என்று பதறாதீர்கள். அங்கே இருக்கும் ஒருவரை அந்த ஏஜென்ட் எழுதிவைக்கும் லாகை, அதாவது பதிவுகளைப் படிக்கச் சொல்லுங்கள். ராஞ்சர் சர்வரின் பெயர் டிஎன்எஸ்ஸில் (பெயரை முகவரியாக மாற்றும் சேவையில்) கிடைக்கிறதா, சர்டிஃபிகேட்டை யாராவது மாற்றினார்களா என்பதை முதலில் பாருங்கள்.