சைபர் வந்த வழி

அனைவருக்கும் வணக்கம்.

பேச்சைத் தொடங்கும் முன் இந்தக் கரும்பலகையில் ஒன்று எழுதுகிறேன். ௨௱௫. பழைய தமிழ் எண்களில் இது இருநூற்று ஐந்து. ௨ என்றால் இரண்டு, ௱ என்றால் நூறு, ௫ என்றால் ஐந்து. வாயால் எப்படிச் சொல்கிறோமோ அப்படியே எழுத்து. இதில் சைபர் எங்கே? இல்லை. தேவையும் இல்லை. நூறுக்கென்று தனிக் குறி இருக்கும்போது, பத்துகளின் இடம் காலி என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் பார்த்து நம் முன்னோர்கள் கணக்கில் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் கணக்கெழுதியவர்கள் அவர்கள். வாய்ப்பாடு முழுக்க மனப்பாடம். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை உருப்போட்டு வளர்ந்தவர்களுக்குப் பெருக்கல் மனத்திலேயே முடிந்துவிடும். ஓலையில் விடையைக் குறித்துக்கொண்டால் போதும். ரோமானியர்களும் பலகையில் காய்களை நகர்த்தித்தான் கணக்குப் போட்டார்கள். சைபர் இல்லாமலே எல்லோருக்கும் வேலை நடந்தது. ஒரு பெரிய கருத்து ஏன் இத்தனை தாமதமாக வருகிறது என்று கேட்டால், பல சமயம் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

காலி இடத்துக்கு ஓர் அடையாளம் வைப்பது பல ஊர்களில் நடந்திருக்கிறது. பாபிலோனியர்கள் கி.மு. 300 வாக்கில் சாய்வாக இரண்டு ஆப்புக் குறிகள் போட்டார்கள். மத்திய அமெரிக்காவில் மாயர்கள் சிப்பி போல ஒன்றை வரைந்தார்கள். ஆனால் பாபிலோனியர்கள் செய்தது பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. இடம் காலியில்லை என்று துண்டு சொல்லும். துண்டுக்கு யாரும் டிக்கெட் கொடுக்க மாட்டார்கள்.

டிக்கெட் கொடுத்தவர் பிரம்மகுப்தர். இன்றைய ராஜஸ்தானில் பீன்மால் என்று ஓர் ஊர். அங்கே 628-இல், 30 வயதில், பிரம்மஸ்புட சித்தாந்தம் என்ற வானியல் நூலை எழுதினார். சூனியத்தோடு, அதாவது சைபரோடு, ஓர் எண்ணைக் கூட்டினால் என்ன, கழித்தால் என்ன, பெருக்கினால் என்ன என்று வரிசையாக விதி சொல்கிறார். அவர் பயன்படுத்தும் சொற்களைக் கவனியுங்கள்: சொத்து, கடன். சூனியத்திலிருந்து கடனைக் கழித்தால் சொத்து வரும் என்கிறார்.

கேட்டால் தலை சுற்றும். சரி, இப்படிப் பாருங்கள். உங்கள் கையில் 100 ரூபாய் இருக்கிறது, கடனும் 100 ரூபாய் இருக்கிறது. கூட்டிக் கழித்தால் உங்கள் நிலை சூனியம். கடன் கொடுத்தவர் மனமிரங்கி, "திருப்பித் தர வேண்டாம், போ" என்கிறார். சூனியத்திலிருந்து 100 ரூபாய் கடன் போய்விட்டது. இப்போது உங்களிடம் 100 ரூபாய் சொத்து! ஒன்றுமில்லாததை ஓர் எண்ணாக நடத்தினால்தான் இந்தக் கணக்கைப் போட முடியும்.

அவர் தவறும் செய்தார். சூனியத்தைச் சூனியத்தால் வகுத்தால் சூனியம் என்றார். இன்றைய கணிதம் இதை ஏற்காது. அந்தத் தவறு எனக்கு மிகவும் பிடிக்கும். துண்டை வெறும் துண்டாகப் பார்த்திருந்தால், அதை வகுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியே அவருக்கு வந்திருக்காது.

248 ஆண்டுகள் கழித்து, குவாலியர் கோட்டையில் பாறையைக் குடைந்து கட்டிய ஒரு சிறு பெருமாள் கோயில். 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. பூந்தோட்டத்துக்கு 270 முழம் நீளம், 187 முழம் அகலம் நிலம். தினமும் சாமிக்கு 50 மாலை. அந்த 270-இலும் 50-இலும் கடைசியில் ஒரு குட்டி வட்டம். இன்று நாம் போடும் அதே சுழி. பூவும் மாலையும் எழுதிய கையே அதையும் சாதாரணமாகப் போட்டிருக்கிறது.

இந்தக் கல்வெட்டுக்கு முன்பே இந்த எண்முறை பாக்தாத் போய்விட்டது. அங்கே அல் குவாரிஸ்மி என்ற கணித அறிஞர் இந்திய எண்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சூனியம் என்ற சொல்லை அரபியில் சிஃப்ர் என்றார்கள். வெறுமை என்றுதான் பொருள். லத்தீன் வழியாக அதன் ஒரு கிளை சீரோ ஆனது, இன்னொரு கிளை சைபர் ஆகி, ஆங்கிலத்தோடு கப்பலேறி நம் வீட்டுப் பேச்சுக்கே வந்துவிட்டது.

பீசா நகரத்து லியோனார்டோ, ஃபிபொனாச்சி என்று நாம் அறிந்தவர், வட ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் இந்த எண்களைக் கற்றுக்கொண்டு 1202-இல் புத்தகம் எழுதினார். "இந்தியர்களின் ஒன்பது எண்கள்" என்று தொடங்கி, 0 என்பதை மட்டும் தனியாக ஒரு குறி என்கிறார். அவருக்கே அதை மற்ற ஒன்பதோடு உட்கார வைக்கத் தயக்கம்.

வியாபாரிகளுக்கு இந்த எண்கள் பிடித்துப்போயின. ஆனாலும் 1299-இல் ஃபிளாரன்ஸ் நகரத்து நாணயமாற்றுக்காரர்களின் சங்கம், கணக்கேட்டில் இவற்றை எழுதக் கூடாது, தொகையை எழுத்தால்தான் எழுத வேண்டும் என்று விதி போட்டது. அதற்குச் சொல்லப்படும் காரணம் மோசடி. 0-க்கு ஒரு வால் வைத்தால் 6, 9 ஆகிவிடும். கடைசியில் ஒரு சுழி சேர்த்தால் பத்து மடங்கு. 700 ஆண்டுகள் கழிந்தும் நாம் செக்கில் தொகையை எண்ணால் எழுதிவிட்டு, பக்கத்திலேயே எழுத்தாலும் எழுதி, கடைசியில் மறக்காமல் 'மட்டும்' என்று போடுகிறோம்.