கழியும் கழிவும்

அவைத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய புரவலர் ஐயா அவர்களே, வேலை நெருக்கடியிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அம்மா அவர்களே, ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் தம்பி, அனைவருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்தருள்க.

கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கிற உப்பங்கழியைக் குறிக்கும் 'கழி' என்ற சொல்லின் பொருள், வழக்கு, கடலோர நீர்நிலைகளையே சொல்லும் அதன் உறவுக்காரச் சொற்களான காயல், களப்பு என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் விட்டவன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலைச் சேருமிடம். படகுக்கார அண்ணன் நீளமான கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போகிறார். "அண்ணே, இது ஆறா, கடலா?" என்றேன். "ஏறும்போது கடலு, வத்தும்போது ஆறு" என்றார். அகராதி அரைப் பக்கத்தில் சொல்வதை நாலே சொல்லில் முடித்துவிட்டார்! கண்டல் மரங்களுக்குப் பக்கத்தில் கரை கெட்டியாகத் தெரிந்தது. புதுச் செருப்போடு இறங்கினேன். முழங்கால்வரை சேறு. அவர் சிரிக்கவே இல்லை; "கழியப் பிடிங்க" என்று நீட்டினார். கழியில் விழுந்தவனைக் கழிதான் கரையேற்றியது. ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சரி, வழக்குக்கு வருவோம். நெய்தல் பாடல்களில் 'இருங்கழி' நிறைய வரும். மரக்காணம் பக்கம் கழுவெளி என்றே ஒரு சதுப்புநிலம் இருக்கிறது. தாமிரபரணி முகத்தில் மார்கோ போலோ எழுதிவைத்த துறைமுகத்துக்குக் காயல் என்றே பெயர். களப்பை இன்னொரு நாள் பார்ப்போம். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

என் மனக்குறை வேறு. இன்று 'கழி' என்றால் பிள்ளைகள் காதில் 'கழிவு' என்றே விழுகிறது. நாமும் அப்படித்தானே நடத்துகிறோம்? அனல்மின் சாம்பலை விட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படிந்தது. இறாலும் மீனும் குஞ்சு வளர்க்கிற தொட்டில் அது. மழை வெள்ளம் கடலுக்குப் போகிற வாசலும் அதுதான். அதைத் தூர்த்து மனை போட நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன்: ஆழம் தெரியாமல் காலை விடாதே!

வட்டாட்சியர் அம்மா கோபிக்கக் கூடாது. கழி நிலம் ஆவணத்தில் 'புறம்போக்கு' என்று இருக்கும் இடங்களிலெல்லாம் 'கழி' என்றும் எழுத வேண்டும், பாலத்துக்குப் பாலம் அந்தப் பெயரில் பலகை வைக்க வேண்டும். மனு வாசலில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் வடை எடுங்கள்.