1971: மார்ஷல் அணி மறுபடி களமிறங்கிய சீசன்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கல்லூரி ஃபுட்பால் அணியின் ஒரு சீசனைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எந்த அணி, எந்த ஆண்டு என்பதை என்னிடமே விட்டுவிட்டார்கள். கோப்பை வாங்கிய அணிகள் எத்தனையோ இருக்க, பத்து ஆட்டங்களில் இரண்டில் மட்டும் ஜெயித்து எட்டில் தோற்ற ஓர் அணியை நான் எடுத்துக்கொண்டேன். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹையோ ஆற்றங்கரையில் ஹண்டிங்டன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே உள்ள மார்ஷல் பல்கலைக்கழகத்தின் 1971ஆம் ஆண்டு அணி அது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இதைவிடப் பெரிய சாதனை எனக்குத் தெரிந்து இல்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். பக்கத்துக்குப் பதினோரு பேர். பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு கடந்தால் டச்டவுன், அதற்கு ஆறு புள்ளி. கம்பங்களுக்கு இடையே உதைத்து அனுப்பினால் ஃபீல்ட் கோல், மூன்று புள்ளி. இன்றைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

1970 நவம்பர் 14, சனிக்கிழமை. மார்ஷல் அணி வட கரோலினாவுக்குப் போய் ஈஸ்ட் கரோலினா அணியோடு ஆடி 17-14 என்று தோற்றது. அன்று மாலை வாடகைக்கு எடுத்த டிசி-9 விமானத்தில் ஊர் திரும்பினார்கள். மழை, மூடுபனி. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத நிலையில், இறங்கலாம் என்று அனுமதித்த உயரத்துக்கும் கீழே விமானம் வந்துவிட்டது. விமான நிலையத்துக்குச் சற்று முன்னால் இருந்த குன்றில் மரங்களில் மோதி விழுந்தது. உள்ளே இருந்த 75 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அதில் 37 பேர் ஆட்டக்காரர்கள். தலைமைப் பயிற்சியாளர் ரிக் டாலிக்கு வயது முப்பதுதான். அணியோடு கூடவே போன ஊர்க்காரர்களும் பலர்: டாக்டர்கள், வியாபாரிகள், அவர்களுடைய மனைவிமார். எழுபது குழந்தைகள் தாயையோ தந்தையையோ இழந்தார்கள். பதினெட்டுக் குழந்தைகளுக்கு இருவருமே இல்லாமல் போனார்கள். ஊருக்குள் அந்த விபத்து தொடாத தெருவே இல்லை என்று சொல்லலாம்.

அடையாளம் தெரியாத ஆறு வீரர்களின் உடல்களை ஊருக்கு மேலே உள்ள ஸ்பிரிங் ஹில் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

இந்தத் துயரத்தைப் பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது. எனக்கு அதைவிட, அதற்கு அடுத்த பத்து மாதங்கள்தான் முக்கியம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, ஒரு கேள்வி பல்கலைக்கழகத்தின் முன்னால் நின்றது. ஃபுட்பாலை மூடிவிடுவதா, தொடர்வதா? மூடிவிடலாம் என்று சொன்னவர்களிடமும் நியாயம் இருந்தது. மகனைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிற ஊரில் சனிக்கிழமைதோறும் எப்படிக் கூட்டம் கூட்டிக் கைதட்டுவது? ஆனால் உயிரோடு மிஞ்சிய ஆட்டக்காரர்கள் ஆடத்தான் விரும்பினார்கள். காயம் காரணமாக அந்தப் பயணத்துக்குப் போகாமல் இருந்த நேட் ரஃபின் அவர்களில் ஒருவர். கடைசியில் தொடர்வது என்று முடிவானது.

முடிவு எடுத்தாகிவிட்டது, சரி. ஆட ஆள் வேண்டாமா?

இங்கேதான் ஒரு விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் சங்கமான என்சிஏஏ, முதலாண்டு மாணவர்களைப் பிரதான அணியில் ஆட விடவில்லை. முதலாண்டுக்காரர்களுக்குத் தனி அணி, தனி ஆட்டங்கள். அதனால்தான் அந்த நவம்பர் மாலையில் மார்ஷலின் முதலாண்டு அணி விமானத்தில் இல்லை. அப்படித் தப்பியவர்களில் ஒருவர் ரெஜி ஆலிவர் என்ற குவார்ட்டர்பேக், அதாவது பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவர். அடுத்த ஆண்டு இவர்கள் இரண்டாம் ஆண்டு மாணவர்கள், பிரதான அணியில் ஆடலாம். ஆனால் இவர்களையும், பயணம் போகாமல் மிஞ்சிய மூத்த வீரர்கள் சிலரையும் மட்டும் வைத்து ஒரு முழு அணி கட்ட முடியாது. புதிதாக வந்து சேரும் பதினெட்டு வயதுப் பையன்களும் வேண்டும். அவர்களைத்தான் விதி தடுக்கிறது.

மார்ஷல் விதிவிலக்கு கேட்டது. என்சிஏஏ கொடுத்தது. முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியிலேயே ஆடலாம் என்று அனுமதி வந்தது. ஒரு பாதிப் பேரை உயிரோடு விட்டுவைத்த அதே விதி, இன்னொரு பாதிப் பேருக்காகத் தளர்ந்து கொடுத்தது. அடுத்த ஆண்டே, 1972இல், நாடு முழுக்க எல்லாக் கல்லூரிகளுக்கும் அந்தத் தடை எடுக்கப்பட்டுவிட்டது.

பயிற்சியாளர் கிடைப்பதும் லேசாக இல்லை. பொறுப்பை ஏற்றுக்கொண்ட ஒருவர் சில நாளிலேயே மனம் மாறிப் பழைய வேலைக்கே திரும்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வேலைக்கு வருகிறவர் ஆட்டம் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது, ஒரு ஊரின் துக்கத்துக்கு நடுவில் குடியிருக்கவும் வேண்டும். 1971 மார்ச்சில் அப்படி வந்தவர் ஜாக் லெங்கெல். ஒஹையோ மாநிலத்தில் வூஸ்டர் என்ற சின்னக் கல்லூரியின் பயிற்சியாளராக இருந்தவர். பெரிய இடங்களில் பெயர் தெரியாதவர்.

ரெட் டாசன் என்ற துணைப் பயிற்சியாளரும் தங்கினார். புது மாணவர்களைத் தேடி அணியில் சேர்க்கும் வேலைக்காகக் காரில் போனதால் அந்த விமானத்தில் ஏறாதவர் அவர். விமானத்தில் போன பையன்களில் பலரை அணிக்கு அழைத்து வந்தவர்களில் அவரும் ஒருவர். அவர்களுடைய வீட்டுக்குப் போய், பெற்றோரிடம் பேசி, எங்களிடம் விடுங்கள், பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்பதுதான் அந்த வேலை. அதற்குப் பிறகும் அவர் இன்னொரு சீசனுக்கு மைதானத்தில் வந்து நின்றார் என்பதை என்னால் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. அந்தச் சீசன் முடிந்ததும் மார்ஷலை விட்டு விலகினார்.

அணியில் இடம் காலி என்று தெரிந்ததும் கல்லூரியின் மற்ற விளையாட்டுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். உதவித்தொகை எதுவும் இல்லாமல், நானும் முயன்று பார்க்கிறேன் என்று தானாக வந்து நின்ற மாணவர்களும் உண்டு. இப்படிச் சேர்ந்த கூட்டத்துக்கு யங் தண்டரிங் ஹெர்ட் என்று பெயர் நிலைத்தது. தண்டரிங் ஹெர்ட், அதாவது இடிபோல் முழங்கி ஓடும் மந்தை என்பது மார்ஷல் அணிக்கு எப்போதும் உள்ள பெயர். அதற்கு முன்னால் இளம் என்று பொருள்படும் 'யங்' சேர்ந்துகொண்டது.

லெங்கெலுக்கு இப்போது ஒரு சிக்கல். அமெரிக்க ஃபுட்பாலில் பந்தோடு ஓடுகிறவருக்கு வழி உண்டாக்குவது முன்வரிசை ஆட்கள்தான். உடம்பு பலத்தால் எதிராளியைத் தள்ளி நிறுத்துவார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள், இருபத்திரண்டு வயது முற்றிய ஆட்களை நாள் முழுக்கத் தள்ள முடியுமா? முடியாது. அதனால் பலத்தை நம்பாத ஓர் ஆட்டமுறை வேண்டியிருந்தது. அந்த முறைக்கு வீர் என்று பெயர். மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகமான மேற்கு வர்ஜீனியாவில் அதை ஆடிக்கொண்டிருந்தார்கள். அங்கே பயிற்சியாளர் பாபி பௌடன், பிற்காலத்தில் ஃபுளோரிடா ஸ்டேட் அணியால் பெரும் புகழ் பெற்றவர். மார்ஷல் ஆட்கள் போய்க் கேட்டதும், தன் அணியின் ஆட்டப் படச்சுருள்களையும் திட்டப் புத்தகத்தையும் அவர் திறந்து காட்டிவிட்டார். ஒரு பயிற்சியாளர் இன்னொருவருக்கு இதைச் செய்யவே மாட்டார். விபத்துக்குப் பிறகு அவருடைய வீரர்கள் ஹெல்மெட்டில் பச்சைச் சிலுவையும் மார்ஷலின் முதலெழுத்துகளும் பொறித்துக்கொண்டு ஆடியவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீர் முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த அணியின் மூளை அதில்தான் இருந்தது. வழக்கமாக எதிரணியின் ஒவ்வொரு தடுப்பாளர் மீதும் ஒருவர் போய் முட்டுவார். வீரில், இரண்டு பேரை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் பந்தை வாங்கியதும், பக்கத்தில் நேராகப் பாய்ந்து வரும் ஓட்டக்காரரின் வயிற்றில் பந்தை வைப்பார், ஆனால் கையை எடுக்கமாட்டார். கண் மட்டும், யாரும் முட்டாமல் விட்ட அந்த முதல் தடுப்பாளர் மேல் இருக்கும். அவன் ஓட்டக்காரரைப் பிடிக்க உள்ளே பாய்ந்தால், பந்தை உருவிக்கொண்டு குவார்ட்டர்பேக் வெளிப்பக்கமாக ஓடுவார். பாயவில்லை என்றால், பந்தை ஓட்டக்காரரிடமே விட்டுவிடுவார். வெளியே ஓடும்போது இரண்டாவது தடுப்பாளர் எதிரே வருவான். அவன் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க வந்தால், பக்கவாட்டில் ஓடிவரும் இன்னொருவருக்குப் பந்தை வீசிவிடுவார். இத்தனையும் இரண்டு விநாடிக்குள் நடக்க வேண்டும். முட்டாமல் விட்ட இருவரால் முன்வரிசைக்கு ஆள் மிச்சமாகும். தனியாகத் தள்ள முடியாதவனை இரண்டு பையன்கள் சேர்ந்து தள்ளலாம். சுமை முழுவதும் குவார்ட்டர்பேக்கின் கண்ணுக்கும் கைக்கும் வந்துவிடும். இரண்டாம் ஆண்டு படிக்கும் ரெஜி ஆலிவர் அந்தச் சுமையைத் தூக்கினார்.

செப்டம்பர் 18 அன்று முதல் ஆட்டம், மோர்ஹெட் ஸ்டேட் அணியோடு, வெளியூரில். 29-6 என்று தோல்வி. அடுத்த சனிக்கிழமை, செப்டம்பர் 25, சொந்த ஊரில் ஃபேர்ஃபீல்ட் ஸ்டேடியத்தில், சின்சினாட்டியிலிருந்து வந்த சேவியர் அணியோடு. விபத்துக்குப் பிறகு ஹண்டிங்டனில் நடந்த முதல் ஆட்டம் அது.

மார்ஷல் முதலில் ஒரு ஃபீல்ட் கோல் அடித்தது. பிற்பாதியில் முன்னிலை கை மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் சேவியர் 13, மார்ஷல் 9 என்ற நிலை. நான்கு புள்ளி பின்தங்கியிருப்பதால் ஃபீல்ட் கோல் பயன்படாது, டச்டவுன்தான் வேண்டும். இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது பந்து மார்ஷலிடம் வந்தது. ஆலிவர் கொஞ்சம் கொஞ்சமாக அணியை முன்னே கொண்டுவந்தார். எல்லைக்கோட்டுக்குப் பதின்மூன்று கஜம் இருக்கும்போது நேரம் ஒரே ஒரு முயற்சிக்குத்தான் மிச்சம்.

ஆலிவர் பந்தோடு ஒரு பக்கமாக ஓடினார். சேவியரின் தடுப்பாளர்கள் மொத்தமாக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அப்போது அவர் சட்டென்று எதிர்ப் பக்கம் பந்தை எறிந்தார். அங்கே டெர்ரி கார்ட்னர் என்ற முதலாண்டு மாணவர், அவருக்கு முன்னால் வழி உண்டாக்கத் தயாராக மார்ஷலின் முன்வரிசை ஆட்கள். பந்தைப் பிடித்துத் திரும்பினார், ஓடினார், கோட்டைக் கடந்தார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. 15-13.

பந்தை எறிந்தவர் முதலாண்டு விதியால் விமானத்தில் ஏறாதவர். பிடித்தவர் அந்த விதி தளர்ந்ததால் மைதானத்தில் இருந்தவர். இதை யாராவது கதையாக எழுதிக்கொண்டு வந்தால் நம்பமாட்டேன், நடந்திருக்கிறது.

அடுத்த ஆட்டத்தில் மயாமி-ஒஹையோ அணியிடம் 66-6 என்று தோற்றார்கள். எனக்கு இதுவும் அந்த வெற்றி அளவுக்கு முக்கியம். சேவியர் ஆட்டத்தோடு கதையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் சீசன் என்பது வாராவாரம் வருவது. அறுபது புள்ளி வித்தியாசத்தில் அடி வாங்கிய பையன்கள், திங்கட்கிழமை மறுபடி பயிற்சிக்கு வந்தாக வேண்டும். அந்த ஆண்டு அவர்கள் எதிர்கொண்ட அணிகளில் டொலிடோவும் ஒன்று. 1969 முதல் 1971 வரை தொடர்ந்து 35 ஆட்டங்களில் ஜெயித்த அணி அது. அதன் முன்னாலும் இந்தப் பையன்கள் போய் நின்றார்கள். தோற்றார்கள்.

நடுவே அக்டோபர் 30 அன்று, பழைய மாணவர்கள் எல்லாம் ஊருக்கு வந்து கூடும் ஹோம்கமிங் நாளில், பௌலிங் கிரீன் அணியை 12-10 என்று ஜெயித்தார்கள். சேவியர் வெற்றி ஒரு நாள் அதிர்ஷ்டம் என்று யாராவது நினைத்திருந்தால், அதற்கு இந்த ஆட்டமே பதில். என்னைக் கேட்டால் இரண்டில் இதுதான் பெரிய வெற்றி.

லெங்கெல் நான்கு ஆண்டு இருந்தார். மொத்தம் 9 வெற்றி, 33 தோல்வி. வேறு எந்த ஊராக இருந்தாலும் இந்தக் கணக்கு வைத்திருக்கும் பயிற்சியாளரின் பெயரை மறந்துவிடுவார்கள். ஹண்டிங்டன் மறக்கவில்லை. அதற்குப் பிறகும் நல்ல காலம் சீக்கிரம் வரவில்லை. வெற்றிகள் தோல்விகளைவிட அதிகமாக இருந்த முதல் சீசன் 1984இல்தான் வந்தது. அதற்குப் பின் வேகம் பிடித்தார்கள்: 1992இல் தங்கள் பிரிவின் தேசியப் பட்டம். 1996இல் பதினைந்து ஆட்டங்களில் பதினைந்து வெற்றியோடு இன்னொரு பட்டம். பின்னாளில் தொழில்முறை ஃபுட்பாலில் பெரும் பெயர் பெற்ற ராண்டி மோஸ் அந்த அணியில் ஆடினார். 1999இல் சாட் பென்னிங்டன் குவார்ட்டர்பேக்காக இருந்த அணி, இன்னும் உயர்ந்த பிரிவில், 13 ஆட்டங்களிலும் தோற்கவே இல்லை.

மார்ஷலின் சிறந்த சீசன் எது என்று ரசிகர்களைக் கேட்டால் பெரும்பாலும் 1996 அல்லது 1999 என்று இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ஆட்டத் திறமையை வைத்துச் சொன்னால் அது சரிதான். ஆனால் 1996 அணிக்கு வரலாறு இருந்தது, விட்டுப்போன மூத்தவர்கள் கற்றுக்கொடுத்த பழக்கம் இருந்தது. 1971 அணிக்கு மூத்தவர்கள் என்று சொல்ல ஒரு கை விரல்களை எண்ணி முடிக்கும் அளவுக்குத்தான் ஆள் இருந்திருக்கும். ஒரு புத்தகத்தை எதிரூர்க்காரரிடம் இரவல் வாங்கி, விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்டு, மைதானத்துக்கு வந்தவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டு பத்து ஆட்டங்களையும் ஆடி முடித்தார்கள். ஒன்றைக்கூட விடவில்லை. அதனால்தான் இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி என்ற அந்தக் கணக்கை 15-0க்கும் 13-0க்கும் மேலே வைக்கிறேன்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.