எங்கள் வீட்டு அகர் தொழிலும் தாத்தாவின் கணக்கு நோட்டும்

வணக்கம் மக்களே. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரிலிருந்து பேசுகிறேன். "உங்க குடும்பத் தொழிலைப் பத்தி முழுசா ஒரு வீடியோ போடுங்க" என்று ரொம்ப நாளாகக் கேட்கிறீர்கள். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அகர் காய்ச்சுகிற குடும்பம். கடல்பாசியை வேகவைத்து எடுக்கிற, ஜெல்லி மாதிரி உறைகிற பொருள்தான் அகர். தாத்தா கடல்பாசி வாங்கி விற்றார். அப்பாவும் சித்தப்பாவும் ஒரு கொட்டகை போட்டு அதைக் காய்ச்ச ஆரம்பித்தார்கள். இப்போது அக்காவும் நானும் பார்த்துக்கொள்கிறோம்.

கீழக்கரைக்காரர்களுக்கு அகரை விளக்க வேண்டியதில்லை. நோன்பு திறக்கும்போது துண்டு போட்டு வைப்பார்களே, பால் ஊற்றின கடல்பாசி, அதேதான். ஆனால் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. சளியோ சிறுநீரோ 'கல்ச்சர்' டெஸ்டுக்குக் கொடுத்திருப்பீர்கள். லேபில் அதை ஒரு வட்டத் தட்டில் தடவி 37 டிகிரி சூட்டில் வைப்பார்கள். என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அதில்தான் தெரியவரும். அந்தத் தட்டில் உறைந்திருக்கிற கூழுக்கு உடம்பு கொடுப்பது அகர். ஒரு லிட்டருக்குச் சுமார் 15 கிராம் போதும்.

இதைக் கண்டுபிடித்த கதையும் ஒரு குடும்பக் கதைதான். 1881-இல் பெர்லினில் ராபர்ட் கோக் என்ற கிருமி ஆராய்ச்சியாளரின் ஆய்வகத்தில் வால்ட்டர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் வேலை பார்த்தார். அப்போது ஜெலட்டினில்தான் கிருமி வளர்ப்பார்கள். அது வெயில் காலத்தில் இளகிவிடும், சில கிருமிகள் அதையே கரைத்தும் விடும். அவருடைய மனைவி ஃபேன்னி வீட்டில் ஜெல்லிக்கு அகர் போடுவார். ஜாவாவில் இருந்துவந்த ஒரு பக்கத்து வீட்டாரிடம் கற்றுக்கொண்ட பக்குவம் அது. அதையே ஆய்வகத்திலும் போட்டுப் பாருங்கள் என்றார். உறைந்த அகர் திரும்ப இளக 85 டிகிரி வேண்டும், 37 டிகிரியில் அசையாது. 1882-இல் கோக் காசநோய்க் கிருமி பற்றி எழுதியபோது அகரைக் குறிப்பிட்டார். ஃபேன்னியின் பெயர் அதில் இல்லை. அந்தக் குடும்பத்துக்கு இதனால் காசும் வரவில்லை. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கேட்காது.

சரி, நம் கரைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் வரை உலகத்துக்கு அகர் கொடுத்தது ஜப்பான். போர் வந்ததும் வரத்து நின்றுபோனது. பல நாடுகள் தங்கள் கடலில் தேட ஆரம்பித்தன, இந்தியாவும் தேடியது. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அந்தக் காலத்தில் இதே மண்டபத்தில்தான் இருந்தது. அங்கே வேலை பார்த்த பிரான்செஸ்கா திவி என்ற பெண் விஞ்ஞானி, இந்தியக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் பொருட்கள், நம் அகர் வகைகளின் தன்மை எல்லாவற்றையும் ஆராய்ந்து 1951-இல் எழுதினார். 1966 வாக்கில் தமிழ்நாட்டுக் கரையில் பாசி எடுப்பது வியாபாரமாகவே ஆனது. தாத்தா அப்போது இந்தத் தொழிலுக்கு வந்தவர்.

எங்களுக்கு வருவது பெரும்பாலும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும். மரிக்கொழுந்துதான் உசத்தி, அதன் கூழ் கெட்டியாக நிற்கும். காய்ந்த பாசியில் மணல், சிப்பி, பவளத் துணுக்கு எல்லாம் ஒட்டியிருக்கும். அலசி அலசித்தான் கை ஓய்ந்துபோகும். அப்புறம் ஊறவைத்து, கொஞ்சம் அமிலம் விட்டு வேகவைத்து, துணியில் வடிகட்டித் தட்டுகளில் ஊற்றுவோம். உறைந்ததும் ஐஸ் அறைக்குப் போகும். அங்கே அது கல்லாக வேண்டும். வெளியே எடுத்து உருகவிட்டால் தண்ணீரோடு உப்பும் அழுக்கும் ஓடிவிடும், வலை மாதிரி வெள்ளையாக ஒன்று கையில் மிஞ்சும். அதை வெயிலில் காயவைத்தால் அகர். லேபுக்குப் போக இன்னும் சுத்தம் பண்ண வேண்டும், அதை எங்களிடம் வாங்குகிற கம்பெனி செய்துகொள்கிறது.

இப்போது இந்த நோட்டைப் பாருங்கள், தாத்தாவின் பற்று வரவு நோட்டு. ஓரமெல்லாம் உப்புக் காற்றில் அரித்துப்போயிருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் தாத்தாவுக்குப் பாசி எடுத்துக் கொடுத்தவர்களின் பெயர், ஊர், எடை. சின்னப்பாலம், ஏர்வாடி, மாயாகுளம், பெரியபட்டினம். தொண்ணூறு சதவீதம் பெண்கள் பெயர்தான்.

அவர்கள் வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? சேலைக்கு மேலே சட்டை போட்டு, விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையோடு கடலுக்குள் இறங்குவார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு பாறையிலிருந்து பாசியைப் பிய்க்க வேண்டும். சுற்றின துணியையும் மீறிப் பாறை கிழிக்கும். 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா வந்தது, தீவுப் பக்கம் போகக் கட்டுப்பாடும் வந்தது. பாசி திரும்ப வளரட்டும் என்று இந்தப் பெண்களே மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். அவர்களை ஒன்றுசேர்த்த சின்னப்பாலம் லட்சுமி அம்மாவுக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குக் கொடுக்கிற விருது அது. நம் மாவட்டத்திலேயே பலருக்கு இது தெரியாது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

எங்கள் கொட்டகை அலுவலகச் சுவரில் தாத்தா படம், அப்பா படம், சித்தப்பா படம் இருக்கிறது. கம்பெனி வரலாறு என்று யாராவது கேட்டால் அதைத்தான் காட்டுவோம். நோட்டில் இருக்கிற பெயர்களையும் சேர்க்காமல் அதை வரலாறு என்று சொல்ல எனக்கு ஒப்பவில்லை. அக்காவும் ஒத்துக்கொண்டாள். பெயர்களை எழுதி எடுத்துக்கொண்டிருக்கிறோம், அதே சுவரில் பலகையாக வைக்கப்போகிறோம். உங்கள் ஆச்சியோ அம்மாவோ அந்தக் காலத்தில் மண்டபத்துக்குப் பாசி போட்டவர்களாக இருந்தால், அவர்களைக் கேட்டுவிட்டு, ஊரையும் பெயரையும் மெசேஜில் அனுப்புங்கள். பல இடத்தில் எழுத்து அழிந்துபோயிருக்கிறது, வீட்டுக்காரர்கள் சொன்னால்தான் சரிபார்க்க முடியும்.