பைக்கில் கூலன்ட் பார்ப்பதும் ஊற்றுவதும்

(காட்சி: விடியற்காலை. இரவு முழுக்க ஓடாமல் நின்ற பைக்.)

வணக்கம். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னாலேயே வந்து நிற்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில், உங்கள் வண்டியில் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், உண்டா என்று பாருங்கள். ஸ்பிளெண்டர் மாதிரி காற்றில் குளிரும் இன்ஜினில் கிடையாது. ஆர்15, டியூக், பல்சர் என்எஸ்200, ஹிமாலயன் 450 எல்லாவற்றிலும் உண்டு. இன்டர்செப்டர் 650-ல் முன்னால், கூலன்டை ஆற வைக்கும் ரேடியேட்டர் மாதிரியே ஒன்று தெரியும். அது இன்ஜின் ஆயிலை ஆற வைக்கும் ஆயில் கூலர். ஏமாந்துவிடாதீர்கள்.

(காட்சி: ரேடியேட்டர் மூடி, நெருக்கத்தில்.)

இந்த மூடியைச் சூடான வண்டியில் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடி திறந்ததும் அழுத்தம் போய்விடும். அந்த நொடியே அது கொதித்து, முகத்திலும் கையிலும் பீறிட்டு அடிக்கும். அவசரம் என்றாலும் ஆறட்டும், காத்திருங்கள்.

நாம் பார்க்கப் போவது இதை அல்ல, பக்கத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் டேங்கை. இடம் மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலில் படம் இருக்கும். சூடானால் கூலன்ட் விரிந்து இந்த டேங்குக்கு வரும். ஆறினால் ரேடியேட்டர் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அதனால்தான் ஓட்டி வந்ததும் பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரிகிறது. ஆறிய இன்ஜினில் பார்ப்பதுதான் சரி.

(காட்சி: டேங்கின் மேல் டார்ச் வெளிச்சம்.)

சைடு ஸ்டாண்டில் பார்க்காதீர்கள். வண்டியை நேராக நிறுத்துங்கள், பிடித்துக்கொள்ள ஒருவர் இருந்தால் நல்லது. பழைய டேங்க் மஞ்சளித்துப் போயிருக்கும், கோடு எது, கூலன்ட் எது என்று தெரியாது. டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து, வண்டியை லேசாக ஆட்டுங்கள். இதோ, உள்ளே அலை அசைகிறது பாருங்கள். 'லோ', 'ஃபுல்' என்ற இரண்டு கோடுகளுக்கு நடுவில் அது நிற்க வேண்டும்.

குறைந்திருந்தால் எதை ஊற்றுவது? மேனுவல் சொல்லும் கூலன்ட்தான். ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம். தண்ணீர் கலக்காமல் கெட்டியாக வருவது என்றால் பெரும்பாலும் பாதிக்குப் பாதி டிஸ்டில்ட் வாட்டர் கலக்க வேண்டும். குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் வேண்டவே வேண்டாம். என் வண்டியை ஒருமுறை சர்வீசுக்கு விட்ட இடத்தில் போர் தண்ணீரை ஊற்றி அனுப்பிவிட்டார்கள். பின்னால் ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தால், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியுமே, அதே வெள்ளை உப்பு. எனக்கு மனசே கேட்கவில்லை. நிறத்தை மட்டும் பார்த்து வாங்கவும் வேண்டாம். பச்சை, சிவப்பு எல்லாம் வெறும் சாயம்தான், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

(காட்சி: சின்னப் புனல் வைத்து ஊற்றுதல்.)

மெதுவாக ஊற்றுங்கள். 'ஃபுல்' கோட்டைத் தாண்டக் கூடாது, விரிவதற்கு இடம் வேண்டும். கீழே சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுத் துடைத்துவிடுங்கள். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தெருநாயும் பூனையும் நக்கிவிடும். அது கொடிய விஷம். மிச்சத்தைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

டேங்க் காலியாகவே இருந்தால் ரேடியேட்டரிலும் குறைந்திருக்கலாம். நன்றாக ஆறிய பிறகு மட்டும் அந்த மூடியைத் திறந்து பாருங்கள்.

அப்புறம், ஊற்றியதோடு விட்டுவிடாதீர்கள். கூலன்ட் பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. வருடத்தில் கொஞ்சம் இறங்குவது சரி. வாராவாரம் இறங்கினால் எங்கேயோ போகிறது. மார்க்கரால் இன்றைய அளவைக் கோடு போட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்து, இதே மாதிரி ஆறிய வண்டியில் பாருங்கள். இறங்கியிருந்தால் ஹோஸ் முனைகளையும், வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கும் சின்ன ஓட்டையையும் தடவிப் பாருங்கள். ஈரமோ காய்ந்த கறையோ இருந்தால் கசிவு அங்கேதான். வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருக்கிறது என்றால் கூலன்ட் உள்ளே கலக்கிறது. வாட்டர் பம்ப் சீலாக இருக்கலாம், இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டாகவும் இருக்கலாம். அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் டாடா ஏஸில் ஏற்றி அனுப்புங்கள்.